தனியறை இல்லாதவர்களின் ஹெட்போன்

"வீட்டுக்கு ஓப்பன் பேக், வெளியே போக க்ளோஸ்ட் பேக்." ஹெட்போன் வாங்கலாமா என்று யோசித்து இணையத்தில் தேடத் தொடங்கும் எவரும் ஐந்தே நிமிடத்தில் இந்த வாக்கியத்தில் முட்டிக்கொள்வார்கள். கிட்டத்தட்ட ஆத்திசூடி மாதிரி ஆகிவிட்டது. யாருடைய வீட்டை மனதில் வைத்துச் சொன்னார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஹெட்போனுக்குள் அதிர்கிற சவ்வு, காதை நோக்கி ஒலியைத் தள்ளும்போதே பின்பக்கமும் தள்ளுகிறது. கிண்ணத்தின் பின்பக்கம் கம்பிவலையாகத் திறந்திருந்தால் அந்த ஒலி வெளியே போய்விடும், உள்ளே முட்டிமோதாது. பாட்டு தலையைச் சுற்றி விரிந்த மாதிரி இருக்கும். இதுதான் ஓப்பன் பேக். ஜெர்மனியின் சென்ஹைசர் 1968இல் ஹெச்டி 414 என்ற மாடலைக் கொண்டுவந்து இதைத் தொடங்கிவைத்தது. க்ளோஸ்ட் பேக்கில் பின்பக்கம் மூடி இருக்கும். பின்னால் போகிற ஒலியை உள்ளேயே அடக்கியாக வேண்டும், அது முழுசாக அடங்காது. டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல இருக்கிறது என்பது அதன் மேல் உள்ள பழைய புகார். பொய் என்று சொல்லமாட்டேன்.

சரி, இப்போது வீட்டுக்கு வருவோம். நான் இருப்பது குரோம்பேட்டையில் ஒரு ஹால், ஒரு பெட்ரூம், நாலு பேர் உள்ள வீடு. பெட்ரூம் அம்மாவுக்கும் தங்கைக்கும். ஹாலில் அப்பாவின் கட்டில், அதிலிருந்து நாலடி தள்ளி என் பாய். நான் பாட்டு கேட்கிற நேரம் ராத்திரி பத்தரைக்கு மேல்தான். அதற்கு முன்னால் டிவி இருக்கிறது, அதற்கும் முன்னால் ஆபீஸ் இருக்கிறது. நண்பன் ஒருவனிடம் கெஞ்சி வாங்கிவந்த ஓப்பன் பேக்கை ஒரு ராத்திரி மாட்டிக்கொண்டேன். பத்து நிமிடம் இருக்கும்.

"என்னடா அது, கொசு மாதிரி என்னவோ கத்திக்கிட்டே இருக்கு?"

"ஒண்ணுமில்லப்பா, பாட்டு."

"அணைச்சுட்டுத் தூங்குறா."

அணைத்துவிட்டேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவரிடம் சவுண்ட்ஸ்டேஜ் பற்றியா விளக்க முடியும்?

வெளியே விடுவது ஒரு பக்கம். ஓப்பன் பேக் உள்ளேயும் விடும். அந்தப் பத்து நிமிடமும் நான் கேட்டது ஒரு கர்நாடக சங்கீதக் கச்சேரி. அடியில் ஓடும் தம்புராவைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எங்கள் வீட்டு ஃபேன் அதைத் தின்றுவிட்டது. சென்னையில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாட்டு கேளுங்கள் என்று சொல்பவர் மே மாதத்தில் ஒரு நாள் எங்கள் ஹாலில் வந்து படுத்துப் பார்க்கட்டும்.

என் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. அந்த வாக்கியத்தில் உள்ள 'வீடு' என்ற சொல்லுக்கு 'கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய என் அறை' என்று அர்த்தம். அப்படி ஓர் அறை இருக்கிறவர் எழுதியது. அவரைக் குறை சொல்லவில்லை, அவர் தன் வாழ்க்கையிலிருந்து பேசுகிறார். அதை அப்படியே தமிழில் திருப்பிச் சொல்கிற நம்முடைய யூடியூப் விமர்சகர்களைத்தான் கேட்கிறேன்: உங்கள் சேனலைப் பார்க்கிற பசங்களில் எத்தனை பேருக்குத் தனியறை இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? எங்களுக்கு வீடே ஒரு பொது இடம். அங்கே க்ளோஸ்ட் பேக் இரண்டாம்தர சமரசமாக வந்து உட்காரவில்லை. அந்த வீட்டில் எனக்கென்று சாத்திக்கொள்ள இருக்கிற ஒரே கதவு அதுதான்.

தங்கைக்கு இது இன்னும் சிக்கல். நான் காதை மூடினால் பாட்டு கேட்கிறான். அவள் மூடினால், "யார்கூடடி பேசிக்கிட்டு இருக்க?" லேப்டாப்பில் சொருகிய நீளமான ஒயரோடு பெரிய ஹெட்போனை மாட்டத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கேள்வி நின்றது. ஒயருக்கு இப்படி ஒரு பயன் இருக்கிறது என்று எந்த விமர்சனத்திலும் நான் படித்ததில்லை.

அடுத்த கோஷ்டி இதைவிட மோசம். "எதுக்கு ப்ரோ ரெண்டு? ஒண்ணே போதும், நாய்ஸ் கேன்சலிங் எடுத்துக்கோங்க, வீட்டுக்கும் ஆச்சு பஸ்ஸுக்கும் ஆச்சு." கடைக்காரர் சொன்னார், நானும் நம்பினேன். பெரிய கம்பெனி, முப்பதாயிரத்துக்குப் பக்கத்தில் விலை, ஈஎம்ஐ. கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான்.

நாய்ஸ் கேன்சலிங் எங்கே பிறந்தது என்று பாருங்கள். 1978இல் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்துகொண்டிருந்த அமர் போஸ், விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இஞ்சின் இரைச்சலை மீறி எதுவும் கேட்காத எரிச்சலில் அதற்கான கணக்கைப் போடத் தொடங்கினார். 2000இல் அவருடைய கம்பெனியின் முதல் க்வைட்கம்ஃபர்ட் கடைக்கு வந்தது. வெளியே உள்ள இரைச்சலை மைக்கில் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே விட்டு அடிப்பதுதான் வித்தை. விமான இஞ்சின் மாதிரி மாறாமல் ஓடும் தாழ்ந்த உறுமலுக்கு அது அற்புதமாக வேலை செய்யும். திடீரென்று வெடிக்கும் ஏர்ஹாரனுக்கும் கண்டக்டர் விசிலுக்கும் அவ்வளவாகச் செய்யாது. அவற்றைத் தடுப்பது காதைச் சுற்றி அழுந்தி உட்காரும் பஞ்சுதான், வெறும் அடைப்பு. நம்ம ஊர் பஸ்ஸில் அதை மாட்டினால் இஞ்சின் காணாமல் போய், ஹாரன் மட்டும் தனியாகத் துலங்கி நிற்கும்.

ஆனாலும் பயணத்துக்கு அது உதவாது என்று நான் சொல்லவில்லை. உறுமல் குறைந்தால் வால்யூம் குறையும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற பாதுகாப்பான அளவு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும். 83 என்றால் 20 மணி நேரம், 86 என்றால் பத்து. பஸ் இரைச்சலை ஜெயிக்க நாம் திருகுகிற திருகில் இந்தக் கணக்கு எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதனால் பயணத்துக்கு வாங்குகிற கருவியிடம் முதலில் கேட்க வேண்டியது அமைதி. பாட்டு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அடுத்தது. பீக் அவர் தாம்பரம் லோக்கலில் நின்றுகொண்டு போகிற எனக்கு, ரப்பர் முனை வைத்த நல்ல இயர்போனே அந்த அமைதியில் பெரும்பகுதியைத் தந்துவிடுகிறது. வியர்வையில் ஊறிய கால் கிலோவைத் தலையில் சுமக்க வேண்டியதில்லை. (தண்டவாளத்தைக் கடக்கும்போது தயவுசெய்து எதையும் மாட்டாதீர்கள். இதைச் சொன்னால் அங்கிள் என்கிறீர்கள், பரவாயில்லை.)

தப்பு நடந்தது அந்த முப்பதாயிரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான். பயண ஹெட்போன்கள் பலவற்றில் பேஸை உப்ப வைத்திருப்பார்கள். வெளியே இஞ்சின் உறுமல் பாட்டின் கீழ் ஒலிகளை மூடிவிடும் என்பதால் அது ஓரளவு நியாயம்தான். அதையே ராத்திரி பதினொன்றரைக்கு அமைதியில் கேட்டுப் பாருங்கள். மிருதங்கத்தின் இடது பக்கம் பெட்ஷீட் போர்த்திக்கொண்டு வாசிக்கும். சார்ஜ் தீர்ந்த பிறகு ஒயரில் சொருகினால் குரலே மாறிவிடுகிறது, ஏனென்றால் நாம் அதுவரை கேட்டது உள்ளே இருக்கும் சிப் திருத்திக் கொடுத்த குரல். செயற்கைத்தோல் உறை இரண்டாவது கோடையில் உரிந்து காதோரம் கருப்புச் செதில்களாக ஒட்டியது. மூன்றாவது வருடம் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, மடக்குகிற மூட்டும் விரிந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் புரட்டிப் பார்த்துவிட்டு, "புதுசு வாங்கிடுங்க சார்" என்றார்கள். ஈஎம்ஐ முடிந்து அதிக நாள்கூட ஆகவில்லை.

வீட்டு ஹெட்போனின் லட்சணங்கள் கிட்டத்தட்ட எல்லாமே பயணத்தில் குறைகள். மடங்கத் தேவையில்லை, மடங்காவிட்டால் உடைய ஒரு மூட்டு குறைவு. ஒயர் மூன்று மீட்டர் இருக்கலாம். பேட்டரி வேண்டாம். சோனியின் எம்டிஆர் 7506, ஒலிப்பதிவுக் கூடங்களுக்கென்று 1991இல் வந்தது, இன்னும் விற்கிறது. பேயர்டைனமிக்கின் டிடி 770 அதற்கும் மூத்தது. காதுறை பிய்ந்தால் உறையை மட்டும் மாற்றலாம், தலைப்பட்டைப் பஞ்சு போனால் அதை மட்டும். நான் இரண்டாவதை எடுத்தேன். அதன் உறை வெல்வெட் மாதிரித் துணி, தோலைப்போலக் காதை வேகவைப்பதில்லை. முப்பது, நாற்பது வருடம் முன்னால் வேலைக்காரக் கருவியாகச் செய்யப்பட்டவை நம் வீட்டுக்கு இவ்வளவு பொருந்துவதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஸ்டுடியோவிலும் பக்கத்து ஆளின் மைக்குக்குள் நம் சத்தம் போகக் கூடாது, ஹாலிலும் அப்பாவின் தூக்கத்துக்குள் போகக் கூடாது.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். டிடி 770இல் 32, 80, 250 ஓம் என்று மூன்று வகை இருக்கிறது. நேராக போனிலோ லேப்டாப்பிலோ சொருகுவதானால் 250 பக்கம் போகாதீர்கள், சத்தம் போதாது. இன்னொன்று, கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு மாட்டிப் பாருங்கள். காதோரக் கம்பி உறையைத் தூக்கிவிட்டால் அந்த இடைவெளி வழியாகப் பேஸ் ஒழுகிவிடும், அதன் பிறகு எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் வீண்.

மூன்றாவது ஒன்றும் உண்டு, எந்தப் பட்டியலிலும் இருக்காது: உங்கள் அம்மா கூப்பிட்டால் கேட்க வேண்டும். என்னுடையதில் குக்கரின் முதல் விசில் மங்கலாக வரும், மூன்றாவதில் எழுந்துவிடலாம். உலகத்தை மொத்தமாகத் துடைத்துவிடுகிற ஹெட்போன் நாலு பேர் வாழும் வீட்டில் சண்டையைத்தான் கொண்டுவரும். கொண்டுவந்தது.

இரண்டு வாங்கக் காசு எங்கே என்று கேட்பீர்கள். அந்த ஒரு முப்பதாயிரத்தில் ஒரு நல்ல க்ளோஸ்ட் பேக்கும் ஓர் இயர்போனும் வாங்கி மிச்சமும் வரும். அதுவும் முடியாது, ஒன்றே ஒன்றுதான் என்றால் நான் வீட்டுக்கு வாங்குங்கள் என்றுதான் சொல்லிவந்தேன். போன மாதம் ஆபீஸில் ஒரு தோழி என் வாயை அடைத்தாள். அவள் ஹாஸ்டலில் ஓர் அறைக்கு நாலு பேர், எந்நேரமும் யாராவது போனில். "எனக்கு எனக்குன்னு இருக்கிற ஒரே எடம் பஸ்ல ஜன்னல் சீட்டுதான், போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். நான் எதுக்கு ரூமுக்கு வாங்கணும்?" பதில் இல்லை. அவளுடைய அறை அந்த ஜன்னல் சீட். அவள் நாய்ஸ் கேன்சலிங்கே வாங்கட்டும், பேஸ் உப்பட்டும்.

போன ஞாயிறு ராத்திரி தூக்கம் வராமல் அப்பா புரண்டுகொண்டிருந்தார். "என்னதான் கேக்குற, குடு பாப்போம்" என்றார். எழுபதுகளின் பாட்டு ஒன்றைப் போட்டு அவர் தலையில் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். ஒரு சரணம் போயிருக்கும். காது அடைத்திருப்பதால் தன் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று தெரியாமல், தெருவுக்கே கேட்கிற மாதிரி, "டேய், நல்லாருக்குடா!" என்று கத்தினார். உள்ளேயிருந்து அம்மா எழுந்து வந்துவிட்டாள்.