திப்பியை மீனுக்குத் தீவனமாக்குங்கள்

ஆத்தூர் பக்கம் கட்லாவும் ரோகுவும் வளர்க்கும் யாரைக் கேட்டாலும் முதலில் தீவனச் செலவைத்தான் சொல்வார்கள். போடும் பணத்தில் பாதிக்கு மேல் அதற்கே போகிறது. தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் கலந்து, ஓட்டை போட்ட உரச் சாக்கில் கட்டி, குளத்தில் நட்ட மூங்கிலில் தொங்கவிடுகிறோம். தவிடு மலிவு. புரதம் புண்ணாக்கில் இருக்கிறது, அதன் விலையோ எங்கள் கையில் இல்லை. கம்பெனித் தீவனங்கள் சிலவற்றில் மத்தி போன்ற கடல் மீனை அரைத்த தூள் சேர்கிறது. குளத்து மீனை வளர்க்கக் கடல் மீனை அரைப்பது எனக்கு உறுத்துகிறது.

இதே ஊர்களில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக் களங்களில் திப்பி காய்கிறது. மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவுப்பாலைப் பிழிந்தபின் நிற்கும் சக்கை. கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் காயாமல் புளித்து, தெருவே நாறும். காய்ந்தது மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. அதில் ஏறத்தாழ பாதி மாவுச்சத்து, புரதம் 2 சதவீதம் அளவுதான்.

அந்த மாவைத் தின்று புரதமாக்கித் தரப் பூஞ்சைகள் இருக்கின்றன. வேகவைத்து ஆறிய திப்பியில் யூரியாக் கரைசல் தெளித்து, பூஞ்சை வித்தைக் கலந்து, தட்டில் மெல்லிசாகப் பரப்பினால் மூன்று நான்கு நாளில் வெள்ளை இழை ஓடி அடையாகக் கட்டிக்கொள்ளும். கனமாகப் பரப்பினால் உள்ளே சூடேறிக் கெட்டுவிடும். சரியாக வளர்ந்தால் புரதம் 10 சதவீதத்தைத் தாண்டும். பின்லாந்தில் 1970களிலேயே காகித ஆலைக் கழிவுநீரில் பூஞ்சை வளர்த்துக் கால்நடைத் தீவனம் செய்தார்கள்.

என் கவலை வேறு. ஆய்வகத்தில் கச்சாப் புரதம் என்பது நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கும் கணக்கு. பூஞ்சை தின்னாமல் விட்ட யூரியாவும் அதில் புரதமாக ஏறிவிடும். மாட்டு வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் யூரியாவைப் பயன்படுத்திக்கொள்ளும், மீனுக்கு அந்த வசதி கிடையாது. 2008-ல் சீனாவில் பாலில் நைட்ரஜன் மிகுந்த மெலமினைக் கலந்தவர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் ஏமாற்றினார்கள். குழந்தைகள் செத்தார்கள். ஆகவே இந்தத் தீவன மூட்டையில் உண்மைப் புரதம் எவ்வளவு என்று தனியாக அச்சிட அரசு கட்டாயப்படுத்த வேண்டும். யூரியாவுக்குப் புண்ணாக்கு விலை கொடுக்க எந்தக் குளத்துக்காரனாலும் முடியாது.

கண்ட பூஞ்சையும் ஏறிவிடக் கூடாது, அஃப்ளடாக்சின் வந்தால் மீனின் ஈரல் போய்விடும். வேளாண் பல்கலைக்கழகம் அசோஸ்பைரில்லம் பாக்கெட் கொடுப்பதுபோல், நாகப்பட்டினத்து மீன்வளப் பல்கலைக்கழகம் சோதித்த பூஞ்சை வித்தைப் பாக்கெட்டில் கொடுக்கட்டும். 1981-ல் தொடங்கிய, ஜவ்வரிசி விற்றுத்தரும் சேலம் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் திப்பியில் பூஞ்சை வளர்க்க ஒரு பொதுக் கூடம் போடட்டும். தனி ஆலைக்காரர் தலையில் இதைக் கட்டினால் நடக்காது.

புண்ணாக்கை ஒரேயடியாக நிறுத்திவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பங்கு குறைந்தாலே சிறு குளத்துக்காரர்கள் மூச்சுவிடுவார்கள். அடுத்த அரவைக்குள் கூடம் வரட்டும். முதல் சோதனைக்கு என் குளங்களில் ஒன்றைத் தருகிறேன். இன்னொன்றில் பழைய தீவனத்தையே போட்டு, இரண்டு குளத்து மீனையும் நிறுத்துப் பார்க்கலாம்.