குளிருக்கும் இ-பாஸ்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரம் கீழவீதியிலும் பேச்சு ஒன்றுதான்: இந்த வருஷம் ஊட்டியா, ஏற்காடா? கையிருப்பைப் பொறுத்து அது முடிவாகும். ‘ஏழைகளின் ஊட்டி’ என்று ஏற்காட்டுக்குச் சும்மா பெயர் வரவில்லை. அன்று மாலையே பரணிலிருந்து சுவெட்டர்கள் இறங்கும். பாச்சை உருண்டை வாசனை போக, அவற்றை மொட்டைமாடிக் கொடியில் வெயில் காயப் போடுவார்கள். சுடச்சுடக் காய்ந்த சுவெட்டர் என்பது கடற்கரை மாவட்டங்களுக்கே உரிய பொருள்.

வெயிலிலிருந்து தப்பி ஓடுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1690-இல் கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையை விலைக்கு வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களும் இதே புழுக்கத்தில்தான் வெந்தார்கள். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறியது 1819-இல். பிறகு சென்னை அரசாங்கமே கோடைதோறும் கோப்புகளோடு உதகைக்குக் குடிபோனது. 1908-இல் மலை ரயிலும் அங்கே போய்ச் சேர்ந்தது. துரைமார்கள் மாதக்கணக்கில் தங்கிய இடத்தில் நம்மவர்கள் இரண்டு ராத்திரி தங்குகிறார்கள். அதில் ஒரு பகல் பர்லியாறுக்கும் குன்னூருக்கும் நடுவே வண்டி வரிசையில் கழிகிறது.

சரி, போய்ச் சேர்ந்தால் குளிர் எவ்வளவு? ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். உதகை 2,240 மீட்டர் உயரம். கடலூரில் 38 டிகிரி அடிக்கும் பகலில் அங்கே 23, 24 இருக்கும். வீட்டு ஏ.சி.யில் வைக்கச் சொல்லி அரசு பரிந்துரைக்கும் எண்ணும் 24தான்! வீட்டில் அந்த 24-இல் பனியனோடு படுப்பவர், மலையில் அதே 24-க்குக் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, லாட்ஜில் நுழைந்ததும் “தம்பி, வெந்நீர் எத்தனை மணிவரை வரும்?” என்று கேட்கிறார். 2024 ஏப்ரல் இறுதியில் உதகையிலேயே 29 டிகிரி பதிவானது. அந்த வாரம் ஏறியவர்கள் சுவெட்டரைக் கையில் தொங்கவிட்டபடி தாவரவியல் பூங்காவைச் சுற்றியிருப்பார்கள்.

இந்தக் குளிருக்கும் இப்போது அளவு உண்டு. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் விழுந்தது. மலை தாங்காது என்பதால் வந்த உத்தரவு. குறை சொல்ல முடியாது. ஆனால் கூட்டத்தின் காரணம் மலையில் இல்லை, பள்ளிக்கூட நாட்காட்டியில் இருக்கிறது. கன்னியாகுமரி முதல் திருவள்ளூர் வரை ஒரே சமயத்தில் மணி அடித்து விட்டுவிட்டால் எல்லாரும் ஒரே மலையில்தான் ஏறுவார்கள்.

ஜெர்மனியில் 16 மாநிலங்களுக்கும் கோடை விடுமுறை ஒரே நாளில் தொடங்குவதில்லை. பிரான்ஸ் நாட்டை மூன்று மண்டலமாகப் பிரித்து, பனிச்சறுக்கு ஊர்கள் நெரியாதபடி குளிர்கால லீவை மாற்றி மாற்றி விடுகிறார்கள்.

இங்கே மே மாதத்தில் கை வைக்க முடியாது. வெயிலுக்காக 2024-இல் பள்ளி திறப்பே ஜூன் 10-க்குத் தள்ளிப்போனது. அரையாண்டு விடுமுறையோ உறைபனி விழும் காலம். நிஜக் குளிர் அப்போதுதான். ஆனால் கடலூருக்கு டிசம்பர் என்றால் புயல். 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ கரையேறியது இங்கேதான். 2024-இல் ஃபெஞ்சல் வெள்ளம். சிதம்பரத்துக்கு மார்கழி என்றால் ஆருத்ரா தரிசனம். ஊரிலுள்ள உறவெல்லாம் வந்து இறங்கும் வீட்டைப் பூட்டிக்கொண்டு யார் மலையேறுவது?

மிஞ்சுவது காலாண்டு விடுமுறை. உதகையில் அப்போது இரண்டாம் சீசன். மாவட்டங்களைப் பிரித்து ஒரு வார இடைவெளியில் லீவு விட்டுப் பார்க்கலாம். ஒரே ஒரு சிக்கல்: கொள்ளிடத்துக்கு இக்கரை சிதம்பரம், அக்கரை மயிலாடுதுறை மாவட்டம். பெண் கொடுத்ததும் எடுத்ததும் ஆற்றைத் தாண்டித்தான். அக்கா பிள்ளைகளுக்கு லீவு முடிகிற அன்று தம்பி பிள்ளைகளுக்குத் தொடங்கினால் ஒரே வேன் பேச முடியாது, வாடகையைப் பங்கு போடவும் முடியாது. கல்வித் துறை மண்டலம் பிரிக்க உட்காரும்போது, முதல் வேலையாக இந்த இரண்டு மாவட்டங்களையும் ஒன்றாகப் போடட்டும்.