மென்பொருளுக்கும் வேண்டும் காலாவதித் தேதி

சைனாடவுன் கடைகளில் உலர்ந்த காளான், சோயா சாறு என எதை எடுத்தாலும் பொட்டலத்தைத் திருப்பித் தேதியைப் பார்க்கிறீர்கள். தேதி கடந்திருந்தால் வைத்துவிடுகிறீர்கள். அதே கடையின் கல்லாவில் கணக்குப் பார்க்கும் கணினிக்குள்ளும் ஏராளமான மென்பொருள் பொட்டலங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அப்படியொரு தேதி கிடையாது.

லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் மென்பொருள் தனித்தனித் தொகுப்புகளாக வருகிறது. ஒவ்வொன்றுடனும் ஒரு விவரச் சீட்டு இருக்கும். பெயர், பதிப்பு எண், பராமரிப்பவர், தேவைப்படும் பிற தொகுப்புகள் எல்லாம் அதில் உண்டு. பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை யார், எந்தத் தேதிவரை அடைத்துத் தருவார் என்ற விவரம் மட்டும் பெரும்பாலும் இருக்காது.

இதன் விலை என்ன? 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற சிறு மென்பொருளின் இரண்டாம் தலைமுறைப் பதிப்புகளில் பெரிய ஓட்டை வெளிப்பட்டது. தங்கள் கணினிகளில் அது எங்கெங்கே இருக்கிறது என்று உலகமெங்கும் நிறுவனங்கள் தேடின. அதன் முதல் தலைமுறைக்கு 2015 ஆகஸ்டிலேயே ஆதரவு முடிந்திருந்தது. ஆனாலும் பலர் அதைத் தொடர்ந்து பயன்படுத்தி வந்தனர். ஆதரவு நின்ற செய்தி அறிவிப்பில் இருந்தது. கணினிக்குள் கிடந்த கோப்பில் இல்லை.

சிங்கப்பூர் ஒரு நல்ல அடி எடுத்து வைத்திருக்கிறது. இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020 அக்டோபரில் தொடங்கிய முத்திரைத் திட்டத்தில் சாதனங்களுக்கு நான்கு நிலைகள் உள்ளன. தயாரிப்பாளர் பாதுகாப்புப் புதுப்பிப்பு தரும் காலம்வரை, அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்கு, முத்திரை செல்லுபடியாகும். ஆனால் அது பெட்டியின்மீது ஒட்டும் முத்திரை. உள்ளே இருக்கும் தொகுப்பு ஒன்றின் ஆதரவு அடுத்த மாதமே முடிகிறதென்றால், பெட்டிக்குத் தரும் வாக்குறுதியைத் தயாரிப்பாளர் எப்படிக் காப்பாற்றுவார்?

ஆகவே ஆதரவுத் தேதியைத் தொகுப்பின் விவரத்திலேயே, கணினி படித்துப் புரிந்துகொள்ளும் வடிவில் பதிய வேண்டும் என்கிறேன். இது நடக்காத காரியமல்ல. சூசே லினக்ஸில் ஒரு தொகுப்பின் விவரத்தைக் கேட்டால் ஆதரவு நிலையும் சேர்ந்தே வரும். டெபியனில், பாதுகாப்பு ஆதரவு நின்றுபோன தொகுப்பு உங்கள் கணினியில் இருந்தால் எச்சரிக்கும் கருவி உண்டு.

இரண்டு மறுப்புகள் எழும். தேதி மாறினால் தொகுப்பையே மறுபடி தயாரிக்க வேண்டுமே என்பது ஒன்று. தேவையில்லை; டெபியன் செய்வதுபோல் ஆதரவுப் பட்டியலைத் தனியாக வைத்துப் புதுப்பித்தால் போதும். ஊதியமின்றி எழுதும் தன்னார்வலர் எப்படித் தேதி தருவார் என்பது மற்றொன்று. அது நியாயமான கேள்வி. அவர் வாக்குறுதி தர வேண்டியதில்லை; "ஆதரவு உறுதியில்லை" என்று பதிந்தாலே போதும். அதுவும் பயனுள்ள தகவல்தான். காசு வாங்கி விற்பவருக்கு மட்டும் அந்தச் சலுகை கூடாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய விதிகள் 2027 டிசம்பரில் நடப்புக்கு வருகின்றன. ஆதரவு முடியும் காலத்தைத் தயாரிப்பாளர் வாங்கும்போதே தெரிவித்தாக வேண்டும். நாமும் அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை ரௌட்டரோ கல்லா இயந்திரமோ வாங்கும்போது, "இதற்கு எதுவரை புதுப்பிப்பு தருவீர்கள்?" என்று கேளுங்கள். பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.