நோட்டுக்கும் ஒரு நாமினி வேண்டும்!

கல்லூரியில் சேர்ந்த என் மகளுக்கு டேப்லெட்டும், அதில் எழுதும் பேனாவும் வாங்கிக் கொடுத்தோம். "இனிமே நோட்டே வேண்டாம்மா. ஆறு பாடத்துக்கும் இது ஒண்ணே போதும்" என்றாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. புது நோட்டு வாங்கினால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு எழுத ஆரம்பிப்பது எங்கள் வீட்டு வழக்கம். கண்ணாடியில் எங்கே மஞ்சள் தடவுவது? "பிள்ளையார் சுழி போட்டாச்சு, பாரும்மா" என்று திரையில் 'உ' எழுதிக் காட்டினாள். சிரித்துவிட்டேன்.

அவள் எழுதுவதைச் சில நாள் கவனித்தேன். படம் தப்பாகப் போனால் ரப்பர் தூள் இல்லாமல் அழிக்கிறாள். ஆசிரியர் அனுப்பிய பாடத்தின் மேலேயே கோடு போட்டு, ஓரத்தில் குறிப்பு எழுதுகிறாள். இங்கிலீஷில் எழுதியதை ஒரு வார்த்தை கொடுத்துத் தேடினால் அந்தப் பக்கமே வந்து நிற்கிறது. பையின் கனமும் குறைந்தது. இதையெல்லாம் குறை சொன்னால் என் நாக்குதான் புளிக்கும்.

கையால் எழுதினால்தான் மனதில் பதியும் என்பார் என் அப்பா. 2014-ல் அமெரிக்காவில் பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற இரு ஆய்வாளர்களும் கிட்டத்தட்ட இதையே சொன்னார்கள். லேப்டாப்பில் தட்டிய மாணவர்கள், கேட்டதை வார்த்தைக்கு வார்த்தை இறக்கினார்களாம். கையால் எழுதியவர்கள் சுருக்கி எழுத வேண்டியிருந்ததால், யோசித்துப் பதில் சொல்லும் கேள்விகளில் நன்றாகச் செய்தார்களாம். பின்னால் வேறு சிலர் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது வித்தியாசம் அவ்வளவு பளிச்சென்று தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படியானாலும் அது தட்டச்சுக்கும் பேனாவுக்கும் உள்ள வழக்கு. என் மகள் திரையிலும் கையால்தானே எழுதுகிறாள்? நடுவில் வேறு எதையாவது திறந்து வேடிக்கை பார்க்காமல் இருந்தால் சரி.

என் கவலை வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் நாத்தனாரின் கணவர் வீடுகளுக்கு வயரிங் வேலை எடுத்துச் செய்தவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எந்த வீட்டில் எவ்வளவு அட்வான்ஸ், பாக்கி எவ்வளவு, யாருக்குக் கைமாற்று கொடுத்தார், சீட்டுத் தவணை எத்தனை கட்டியாயிற்று என்று எல்லாவற்றையும் டேப்லெட்டில்தான் எழுதுவார். 2021 மே மாதம் கொரோனாவில் ஒன்பதே நாளில் போய்விட்டார். அந்த டேப்லெட்டின் பூட்டு எண்ணும் அவரோடு போயிற்று. பிறந்த தேதி, கல்யாண தேதி, வண்டி நம்பர் எல்லாம் போட்டுப் பார்த்தாள், திறக்கவில்லை. கடைக்கு எடுத்துப் போனால், "திறந்து தரலாம்மா, ஆனா உள்ளே இருக்கிறது எல்லாம் அழிஞ்சிடும்" என்றார்கள்.

அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் பதினாறாம் நாள் முடிந்த கையோடு வாசலில் வந்து நின்றார்கள். அவருக்குத் தர வேண்டியவர்கள் ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை. "அவர் கையால எழுதினது எல்லாம் உள்ளேதான் இருக்கு அண்ணி. எனக்குத்தான் படிக்கக் கொடுத்து வைக்கலை" என்று அவள் அழுதது இன்றைக்கும் காதில் நிற்கிறது. கடைசியில், ஸ்கூட்டர் பெட்டியில் கிடந்த ஒரு சின்ன பாக்கெட் நோட்டு கொஞ்சம் கைகொடுத்தது. வயர் அளவுகளுக்கு நடுவே மூன்று வீட்டு பாக்கி எழுதியிருந்தது. அதைக் காட்டியதும் இரண்டு வீட்டில் பணம் கொடுத்தார்கள்.

அப்படியானால் பேப்பர்தான் உசத்தி என்று முடித்துவிடலாமா? அதற்கும் எனக்கு வாய் வரவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு எங்கள் ஜாபர்கான்பேட்டை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பீரோவின் அடித்தட்டில் என் மாமியாரின் கைவைத்தியக் குறிப்பு நோட்டும், எங்கள் கல்யாண மொய் நோட்டும் இருந்தன. தண்ணீர் வடிந்து போய்ப் பார்த்தால், இங்க் பேனாவில் எழுதிய மாமியார் நோட்டு முழுக்க நீலக் கறை. மொய் நோட்டு பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது, எழுத்து தப்பித்தது. ஆனால் தாளெல்லாம் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் கையோடு கிழிந்து வந்தது. மாமியார் அதற்கு மூன்று வருஷம் முன்பே காலமாகிவிட்டார். பிரசவ மருந்தின் அளவை இனி யாரிடம் கேட்பது? மொய்யிலோ, யார் எவ்வளவு செய்தார்கள் என்று தெரியாமல் ஓர் இடத்தில் குறைத்துச் செய்து, ஓர் உறவே பேச்சுவார்த்தை இல்லாமல் போயிற்று.

ஒன்றைப் பூட்டு விழுங்கியது, மற்றொன்றைத் தண்ணீர் விழுங்கியது. இரண்டிலும் தப்பு ஒன்றுதான். எழுதியது ஒரே இடத்தில் இருந்தது, அதை ஒருவர் மட்டுமே அறிந்திருந்தார். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து, பல ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். யாரோ சிலர் பொறுமையாகப் படி எடுத்து வைத்ததால்தானே அந்த ஏடுகள் அவர் கைக்கு வந்தன?

எங்கள் வீட்டில் இப்போது செய்வதைச் சொல்கிறேன். வரவு, கடன், சீட்டு, இன்ஷூரன்ஸ் நம்பர் எல்லாம் ஒரே நீள நோட்டில், பால்பாயிண்ட் பேனாவில், பக்க எண் போட்டு எழுதுகிறேன். மாதம் பிறந்ததும் மகள் அந்தப் பக்கங்களைப் போனில் படம் பிடித்து வைக்கிறாள். நோட்டு இப்போது பீரோவின் மேல் தட்டில்! டேப்லெட், போன் பூட்டு எண்களை ஒரு கவரில் போட்டு ஒட்டி, நகையோடு வைத்திருக்கிறோம். எண்ணை மாற்றினால் கவரையும் மாற்ற வேண்டும் என்பது சட்டம்.

பேங்க் கணக்குக்கு நாமினி போடுகிறோமே, அதுபோல கணக்கு வைத்திருப்பவருக்குப் பின் இன்னார் பார்க்கலாம் என்று பெயர் கொடுத்து வைக்கும் வசதி கூகுளில் 2013 முதலும், ஆப்பிளில் 2021 டிசம்பர் முதலும் இருக்கிறது. அவர்களிடம் சேமித்து வைத்ததற்கு மட்டும்தான் இது. திரைப் பூட்டின் எண்ணை நாம்தான் சொல்லி வைக்க வேண்டும்.

இதை வீட்டுக்காரரிடம் பேச ஆரம்பித்தால், "என்ன, இப்பவே என்னை அனுப்பிடப் பார்க்கிறியா?" என்பார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் கேட்டார். "நான் முந்திட்டா, பால் பாக்கி எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். பேசாமல் கவரை எடுத்து வந்தார்.

சகோதரிகளே! தாளில் எழுதுங்கள், கண்ணாடியில் எழுதுங்கள், அது உங்கள் வசதி. ஆனால் உங்கள் வீட்டுக் கணக்கு யார் கையெழுத்தில், எங்கே இருக்கிறது, அதை உங்களால் திறக்க முடியுமா என்று இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கேட்டுவிடுங்கள். வெட்கப்பட வேண்டாம். என் நாத்தனார் கேட்காமல் விட்டது அந்த ஒரு கேள்வியைத்தான்.

- ஒரு வாசகி, சென்னை.