பத்தியம் பணக்காரருக்கு மட்டுமா?

சீனி வருத்தக்காரருக்கு ஓட்ஸும் ஒலிவ் எண்ணெயும் வேணும், ஏழை வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது என்ற பேச்சு கல்முனையில் நெடுகக் கேட்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளில் ஏறும் சூடை மீனிலும் கீரி மீனிலும் இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பு தாராளமாக உண்டு.

சூடையைக் கழுவி மஞ்சள், மிளகு, உள்ளி, கறிவேப்பிலை, பழப்புளி போட்டு மண்சட்டியில் அவியுங்கள். தேங்காய்ப்பாலும் எண்ணெயும் வேண்டாம். உப்பை இறக்கும்போது அளந்து போடுங்கள். இரவே ஊறவைத்த கவுப்பியை அவித்து வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் சேருங்கள். பக்கத்தில் முருங்கையிலைச் சுண்டல். சோறு ஓர் அகப்பை போதும். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்து மீன் விலை ஏறும். அப்போது கவுப்பியும் பயறும் கைகொடுக்கும்.

நம்மைக் கெடுப்பது கருவாட்டு உப்பும் தேத்தண்ணிச் சீனியும்தான். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சிறுநீரக வருத்தக்காரர் மட்டும் மீன், பயறு, கீரையின் அளவை வைத்தியரிடம் கேட்டே உண்ண வேண்டும். மற்றவர்கள் ஓட்ஸுக்கு ஒதுக்கிய காசை நாளைக் காலையில் மீன்வாடிக்குக் கொண்டுபோங்கள்.