மைனஸ் 20 என்ற சிறிய எழுத்து

வினிபெக்கில் குடியேறுகிறவர் முதல் குளிர்காலத்திலேயே கற்றுக்கொள்ளும் கணக்கு ஒன்று உண்டு. செல்சியசும் ஃபாரன்ஹீட்டும் மைனஸ் 40-இல் ஒன்றாகிவிடுகின்றன. அதற்குமேல் எந்த அளவுகோலில் சொல்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கதவைச் சாத்து என்றுதான் சொல்வார்கள். பனி என்ற ஒரே சொல்லைப் புல்நுனித் துளிக்கும், மார்கழிப் புகைமூட்டத்துக்கும், இங்கே முழங்கால் அளவு கொட்டிக் கிடப்பதற்கும் சேர்த்துப் புழங்கும் நமக்கு, இந்தக் குளிரைப் பற்றிப் பேசவே மொழி கொஞ்சம் தடுமாறுகிறது. தொல்காப்பியம் குறிஞ்சிக்கு முன்பனியைப் பெரும்பொழுதாக வைத்தது. பேட்டரி உறைந்துபோகும் நிலத்துக்கு அதில் திணை இல்லை.

பேட்டரி என்றேன். இக்கட்டுரை அதைப் பற்றியதுதான். வீட்டுக்கு வெளியே மாட்டும் கண்காணிப்புக் கேமராவைப் பற்றி ஓர் இலக்கியப் பக்கத்தில் எழுதுவானேன் என்று கேட்கும் நண்பர்களுக்கு என் அம்மாவின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரி மாலை. தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அம்மா, குப்பைப் பையை வாசலோரத் தொட்டியில் போட்டுவிட்டு வரலாம் என்று சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே போயிருக்கிறார். பத்தடி தூரம். பின்னால் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. வெளியே மைனஸ் 34. நான் நிலவறையில், காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு அலுவலகப் பேச்சில் இருந்தேன். கதவருகே நான் பெருமையோடு மாட்டியிருந்த கேமரா வைத்த அழைப்புமணியை அம்மா அழுத்தியிருக்கிறார். அது செத்துக் கிடந்தது. பின்பு கதவைத் தட்டியிருக்கிறார். எதிர் வீட்டு உக்ரேனிய மூதாட்டி ஜன்னல் வழியே பார்த்து ஓடிவந்து தன் வீட்டுக்குள் அழைத்துப்போனதால் பிழைத்தோம். எட்டு நிமிடம் இருக்கலாம். அம்மாவின் விரல் நுனிகள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "ஏம்ப்பா, இவ்வளவு செலவு பண்ணி வச்சியே, அதுக்கும் குளிருமா?"

குளிரும். அது எப்படி என்று தெரிந்துகொள்ள எனக்கு அந்த எட்டு நிமிடம் தேவைப்பட்டது வெட்கக்கேடு. தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினேன். கருவி குறிப்பேட்டில் உள்ளபடியே இயங்கியிருக்கிறது என்று மரியாதையாகப் பதில் வந்தது. தேடிப் பார்த்தேன். பெட்டியின் முகப்பில் 'எல்லா வானிலைக்கும்' என்று பெரிய எழுத்து. உள்ளே மடித்து வைத்த தாளில், எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில், இயங்கும் வெப்பநிலை மைனஸ் 20 முதல். வினிபெக்கில் சனவரி இரவுகளின் சராசரியே மைனஸ் 20-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. அதாவது சாதாரண இரவு ஒன்றே அந்தக் கருவியின் எல்லை. இந்த நகரம் 1879 டிசம்பரில் மைனஸ் 47.8-ஐப் பார்த்தது. யூகானில் உள்ள ஸ்னாக் என்னுமிடம் 1947 பிப்ரவரியில் மைனஸ் 63-ஐத் தொட்டது. 'எல்லா வானிலை' என்று அட்டையில் எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று அறிய ஆவல்.

லித்தியம் அயனி பேட்டரிக்குக் குளிரில் இரண்டு தொல்லைகள். ஒன்று, உள்ளேயுள்ள கரைசல் மந்தமாகி, இருக்கும் மின்சாரத்தையே வெளியே தர மறுக்கிறது. இது தற்காலிகம், வீட்டுக்குள் கொண்டுவந்தால் சரியாகிவிடும். இரண்டாவதுதான் கொடியது. பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன்மேல் உலோகமாகப் படிந்துவிடுகிறது. இது நிரந்தரச் சேதம். ஆகவே ஒழுங்காகச் செய்யப்பட்ட கருவிகள் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றுவதையே நிறுத்திக்கொள்கின்றன. நவம்பரில் நிறுத்தினால் மார்ச்சில்தான் மறுபடி. சூரியத் தகடு பொருத்தினால் தீருமே என்பார்கள். அதே பேட்டரிதானே அங்கும்? போதாக்குறைக்கு, டிசம்பர் மூன்றாம் வாரத்தில் வினிபெக்கின் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 17 பாகைகூட எழுவதில்லை. யெல்லோநைஃபில் 4 பாகை. தகட்டின்மேல் பனி வேறு.

என் தவறு இன்னொன்றும் இருக்கிறது. பலரும் செய்வது என்பதால் சொல்கிறேன். என் அழைப்புமணிக்குச் சுவரிலிருந்து மின்கம்பி வந்துகொண்டுதான் இருந்தது. ஆகவே பேட்டரியைப் பற்றிக் கவலை இல்லை என்று நம்பியிருந்தேன். அந்த வகைக் கருவிகள் பலவற்றில் கம்பி வழியே வரும் மின்சாரம் கேமராவை நேராக ஓட்டுவதில்லை. பேட்டரிக்குச் சொட்டுச் சொட்டாக ஊட்டுகிறது, அவ்வளவுதான். பேட்டரி குளிரில் உண்ண மறுத்தால் கம்பி இருந்தும் பயனில்லை. கம்பியில் மாட்டலாம் என்பதும் கம்பியிலேயே ஓடும் என்பதும் வேறு வேறு. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி: உள்ளே பேட்டரி இருக்கிறதா, இல்லையா? இல்லை என்றால் வாங்கலாம்.

என் கட்சி இதுதான்: கடுங்குளிர் ஊரில் சொந்த வீடு இருப்பவர், வெளிக்கேமராவுக்கு ஈதர்நெட் கம்பி இழுத்துவிட வேண்டும். ஒரே கம்பியில் மின்சாரமும் படமும் போகும். 2003-இலேயே வந்த தரம் அது, 15.4 வாட் வரை தரும், 100 மீட்டர் வரை போகும். இடைவிடாது இயங்கும் கேமரா தன் சூட்டிலேயே தன்னைக் காத்துக்கொள்கிறது என்பது இதன் அழகு. பத்து வாட் தின்றாலும் ஒரு நாளைக்குக் கால் யூனிட் ஆகாது. பேட்டரிக் கேமராவோ மிச்சம் பிடிப்பதற்காகத் தூங்குகிறது, தூங்குவது குளிர்ந்துபோகிறது.

ஆனால் மின்தடை வந்தால்? ஓடிக்கொண்டிருக்கும்போது மைனஸ் 40-ஐத் தாங்கும் கருவி, அணைந்து முழுக்கக் குளிர்ந்தபின் அதே மைனஸ் 40-இல் எழுந்து நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. மின்தேக்கிகளின் திரவம் தடித்துப்போயிருக்கும். 1996-இல் முதல் வலைக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்த சுவீடனின் ஆக்சிஸ் நிறுவனம் இதற்கென்றே ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது: மின்சாரம் திரும்பியதும் முதலில் சூடேற்றிகொண்டு தன்னைக் காய்ச்சிக்கொண்டு, பிறகே இயங்கத் தொடங்கும். அதன் விலை சாதாரண வீட்டுக்காரருக்கு எட்டாது, எனக்கும் எட்டவில்லை. ஏழைக்கு ஏற்ற மாற்று, வீட்டுக்குள் இருக்கும் இணைப்புப் பெட்டிக்கும் பதிவுப் பெட்டிக்கும் ஒரு யூபிஎஸ் வைத்துவிடுவது. சிறிய மின்தடைகளில் கேமரா குளிர்ந்தே போகாது.

விவரக் குறிப்பைப் படிப்பதும் ஒரு வாசிப்புதான். கவிதையைப்போல் அங்கும் சொல்லாமல் விட்டதைத்தான் தேட வேண்டும். ஐபி 66, ஐபி 67 என்று போட்டிருப்பார்கள். அது தூசுக்கும் நீருக்கும் உள்ள சான்று. குளிரைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை. 'மைனஸ் 40' என்று கண்ணில் பட்டால் மகிழ்ந்துவிடக் கூடாது. அது கிடங்கில் அணைத்து வைத்திருப்பதற்கான வெப்பநிலையாகவும் இருக்கலாம். நினைவக அட்டைக்குத் தனி எல்லை. சாதாரணமானவை மைனஸ் 25 வரைதான். ஆகவே பதிவு வீட்டுக்குள் நடப்பதே நல்லது. ஒரே ஒரு சலுகை நமக்கு உண்டு: காற்றுக் குளிர் என்று வானொலியில் பயமுறுத்தும் எண்ணைக் கேமராவுக்குக் கணக்கிட வேண்டியதில்லை. அது மனிதத் தோலுக்கான கணக்கு. காற்று ஒரு பொருளை விரைவில் குளிர்விக்கும். காற்றின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது. அம்மாவின் விரல்களுக்கு அந்தச் சலுகை இல்லை. காற்றுக் குளிர் மைனஸ் 40-ஐத் தாண்டினால் மூடாத தோல் 5 முதல் 10 நிமிடத்தில் உறைகிறது என்பது கனடிய வானிலைத் துறையின் எச்சரிக்கை.

மாட்டும் இடத்தில் நான் கண்ட ஒரு விந்தை. கம்பிக்காகச் சுவரில் போட்ட துளையை அடைக்காமல் விட்டால், வீட்டின் ஈரமான வெப்பக்காற்று அதன் வழியே கேமராவுக்குள் புகுந்து கண்ணாடியின் உட்புறத்தில் உறைகிறது. வெளியே துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், புகைப்படலம் போகவில்லை. உள்ளிருந்து வந்த மூச்சு அது. கொதிகலன், துணி உலர்த்தியின் புகைவாய்களுக்கு அருகிலும் வேண்டாம். ஒவ்வொரு ஆவிப் புகைக்கும் ஆள் வந்துவிட்டதாகக் கைபேசி அலறும். கவிழ்த்த கிண்ணம்போல மூடி வைத்தவை உறைபனியைச் சேர்க்கின்றன. இரவில் அகச்சிவப்பு விளக்கு விழும் பனித்துகள்களை எல்லாம் வெள்ளை அம்புகளாக்கும். வாசல் விளக்கை எரியவிட்டு அதை அணைத்துவைப்பதே மேல்.

இவ்வளவும் வீட்டுக்காரருக்கு. வாடகைக்கு இருப்பவர், புதிதாக வந்த மாணவர், சுவரில் துளை போட அனுமதி இல்லாதவர் என்ன செய்வார்? பேட்டரிக் கேமராவைத் திட்டுவது எளிது. அவர்களுக்கு வேறு வழி இல்லை. ஒரே மாதிரி இரண்டு பேட்டரிகளை வாங்கி, ஒன்று வெளியே, ஒன்று உள்ளே என்று மாற்றிக்கொண்டிருக்கலாம். உள்ளே கொண்டுவந்ததும் சார்ஜில் போடாமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஜன்னலுக்கு உட்புறம் ஒரு கேமராவை வைப்பதும் நடக்கும். அகச்சிவப்பை அணைக்க வேண்டும், உடல்வெப்ப உணரி கண்ணாடிக்கு அப்பால் குருடு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மைனஸ் 40-இல் எந்தத் திருடன் வரப்போகிறான் என்று கேட்கிறார் ஒரு நண்பர். எஞ்சின் சூடாகட்டும் என்று ஓடவிட்ட காரை எடுத்துப்போக வருவான், அது இருக்கட்டும். இந்த ஊர்களில் கேமரா திருடனுக்காக மட்டும் இல்லை என்பதை விற்பவர்களும் வாங்குபவர்களும் பேசுவதில்லை. பள்ளி முடிந்து சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கும் பிள்ளைக்காக, படியில் வழுக்கி விழுந்து எழ முடியாத கிழவருக்காக, பத்தடி தூரம் போய்வர நினைத்த தாய்க்காக அது விழித்திருக்க வேண்டும். மைனஸ் 20-இல் கண்ணை மூடிக்கொள்வதை அந்த வேலைக்கு விற்பது நேர்மையில்லை. எத்தனை பாகையில் இயங்கும், எத்தனை பாகையில் அணைந்தபின் எழும் என்ற இரண்டு எண்களையும் பெட்டியின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். அதுவரை அந்த மடித்த தாளை நாம்தான் கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டும்.

கேமராவுக்கு முன்னால் நான் மாற்றியது பூட்டை. தானாகப் பூட்டும் வசதியை எடுத்துவிட்டு, எதிர் வீட்டு மூதாட்டியிடம் ஒரு சாவியைக் கொடுத்துவைத்தேன். பிறகுதான் கம்பி இழுத்தேன், அதுவும் மார்ச்சில், பொறுமையில்லாமல். சாதாரண பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி அந்தக் குளிரில் வளைக்க வளைக்க வெடித்தது. குளிருக்கென்று உள்ள உறையோடு வேறு கம்பி வாங்கி, செப்டம்பரில், ஏணி நடுங்காத ஒரு வெயில் நாளில் முடித்தேன். இந்த ஆண்டு மாட்ட நினைப்பவர்கள் அக்டோபர் வரை தள்ளிப்போட வேண்டாம்.