2000 வாட்ஸும் ஒரு ஃபியூஸும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். ஆனா போன வாரம் ஊருக்குப் போயிட்டு வந்ததுல இருந்து ஒரே கடுப்பு. இங்க கொட்டலைன்னா தூக்கம் வராது.

சித்தப்பா பையன் திண்டிவனத்துல வாடகைக் கார் ஓட்டுறான். விழுப்புரத்துல ஒரு கடையில 6,500 ரூபா கொடுத்து ஆம்ப்ளிஃபயர் மாட்டினான். நானும் கூட இருந்தேன். டப்பா மேல தங்க எழுத்துல 2000 வாட்ஸ். "கண்ணாடியே அதிருது பாருண்ணா"ன்னான். அதிர்ந்துச்சு. திரும்பி வர்ற வழியில, விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுறதுக்குள்ள ஃபியூஸ் போச்சு.

கடைக்கு ஃபோன் போட்டா, "பவர் அதிகம்ல தம்பி, 25 ஆம்பியரை எடுத்துட்டு 40 போட்டுக்கோங்க"ன்னு பதில். அங்கதான் எனக்கு ஏறுச்சு.

ப்ளஸ் டூ பிசிக்ஸ்தான் சாமிகளா. இஞ்சின் ஓடும்போது அதிகபட்சம் 14.4 வோல்ட். ஃபியூஸ் 25 ஆம்பியர். பெருக்கினா 360 வாட்ஸ். தொடர்ந்து உள்ள போகக்கூடியதே அவ்ளோதான். அதுலயும் இந்த மாதிரி கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபயர்ல பாதிக்குப் பாதி சூடாவே போயிடும். உள்ள 360 போனா வெளிய எப்படி 2000 வரும்? துளி வீணாகாம 2000 வரணும்னாகூட 139 ஆம்பியர் இழுக்கணும். சின்ன காரோட ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் அவ்ளோ தராது.

கணக்கு போதாதுன்னு அளந்தும் பார்த்தேன். ஸ்பீக்கரைக் கழட்டிட்டு ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு பெரிய 4 ஓம் ரெசிஸ்டர். இஞ்சின் ஓடுது. ஃபோன்ல இருந்து 50 ஹெர்ட்ஸ் சைன் அலை (சாதா மல்டிமீட்டர் இந்த மாதிரி குறைஞ்ச அலைவரிசையிலதான் ஒழுங்கா காட்டும்). கையடக்க ஆஸிலோஸ்கோப்ல அலையோட தலை தட்டையாகுற வரைக்கும் ஏத்தி, கொஞ்சம் இறக்கினேன். மீட்டர்ல 16 வோல்ட். வோல்ட்டை வோல்ட்டால பெருக்கி ஓம்மால வகுக்கணும்: 256 வகுத்தல் 4, 64 வாட்ஸ். ரெண்டு சேனலும் சேர்த்து 128. (ரெசிஸ்டர் பயங்கரமா சுடும். கை வெச்சுடாதீங்க.)

2000 எங்க, 128 எங்க?

அப்போ ஃபியூஸ் ஏன் போச்சு? டப்பாவை நம்பி ஒவ்வொரு சேனல்லயும் ரெண்டு ஸ்பீக்கரை இணையா கோத்துட்டாங்க. 4 ஓம் 2 ஓம் ஆச்சு. வால்யூமை முழுசா திருகினதும் கரண்ட் எகிறிடுச்சு. ஃபியூஸ் இருக்கிறது ஒயரைக் காப்பாத்த. அந்த மெல்லிசு ஒயருக்கு 40 ஆம்பியர் ஃபியூஸ் போட்டா, ஃபியூஸுக்கு முன்னாடி ஒயர் உருகும். சவாரி ஏத்துற வண்டிங்க அது! ஒரு பொய் நம்பர் காசை மட்டும் திங்கல, தீ வைக்கவும் தயாரா இருக்கு.

பி.எம்.பி.ஓ.ன்னு ஒண்ணு போடுவாங்களே, அதுக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட இலக்கணமே கிடையாது. இஷ்டத்துக்கு அடிக்கலாம். ஹெட் யூனிட்ல "50 வாட்ஸ் x 4"ன்னு இருக்கே, அதுவும் தலை மொத்தமா தட்டையான சதுர அலைக் கணக்கு. சுத்தமான அலையில 26 தாண்டாது.

அமெரிக்காக்காரன் வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு 1974லயே விதி போட்டான். கார் அதுல வரலை. காருக்குன்னு 2003ல சி.இ.ஏ-2006ன்னு ஒரு தரம் வந்துச்சு: 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு 1 சதவீதத்துக்குள்ள. அதுவும் விருப்பப்பட்டாதான்.

"கேக்க நல்லாருந்தா போதாதா?"ன்னு ஒருத்தர் கேப்பீங்க. போதும்! ஒரு காருக்குள்ள 64 வாட்ஸே காதைக் கிழிக்கும். வாட்ஸை ரெண்டு மடங்காக்கினா கூடுறது 3 டெசிபல்தான். அப்புறம் எதுக்குப் பொய்? நேர்மையா 75ன்னு போட்டவன் சரக்கு, பக்கத்துல 2000 இருந்தா விக்காது. பொய் சொல்றவன் நேர்மையானவனையும் கெடுக்கிறான்.

காய்கறிக் கடைத் தராசுக்கு முத்திரை கேக்குறோம். 128 யூனிட் ஓட்டினதுக்கு ஈ.பி.காரன் 2000 யூனிட்டுக்கு பில் போட்டா சும்மா இருப்போமா? அதே வாட்ஸ்தானே இதுவும்? இஞ்சினியரிங் படிச்ச நாமளே கடையில வாயை மூடிக்கிட்டு நின்னா, டிரைவர் தம்பி எங்க போய்க் கேப்பான்? அன்னிக்கு நானும் பக்கத்துல நின்னு தலையாட்டினவன்தான். அதான் இவ்ளோ கோவம்.

இனிமே வாங்கும்போது மூணே கேள்வி. ஆர்.எம்.எஸ். எவ்ளோ? எத்தனை ஓம்ல? எத்தனை சதவீத சிதைவுல? பதில் வரலைன்னா டப்பாவைத் திருப்பி ஃபியூஸைப் பாருங்க. அது பொய் சொல்லாது. பொய் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் சட்டம் இருக்கு, 1915ன்னு உதவி எண்ணும் இருக்கு.

டிஸ்கி: ஒரு ஜோடி ஸ்பீக்கரைக் கழட்டிட்டு பழையபடி 25 ஆம்பியரே போட்டாச்சு. கண்ணாடி இப்பவும் அதிருது :-)